தொப்பூர் ஏற்றத்தில் ஊசி ஏறினால்: டைமிங்கும் ரேடியேட்டர் தண்ணீரும்

"சேலத்துல இருந்து வரும்போது தொப்பூர் ஏத்தத்துல ஹீட் ஊசி சிவப்புக்குப் போயிடுதுங்கண்ணா, ஊருக்குள்ள ஓட்டுனா ஒண்ணும் பண்றதில்ல."

இப்படிச் சொல்லிக்கொண்டு ஒரு வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால், பாதிக் கோளாறை ஓட்டுநரே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். அதைக் காதில் வாங்காமல் நேராக ரேடியேட்டரைக் கழற்றுவதுதான் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அதிகம் நடக்கிற தப்பு. ரேடியேட்டர் புதுசு, வாட்டர் பம்ப் புதுசு, சூடானதும் தண்ணீருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கி எறிந்தாயிற்று. வண்டி மறுபடியும் அதே வளைவில் கொதிக்கிறது. கடைசியில், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால், உள்ளே கரண்டை வெட்டிப் பொறி வரவைக்கும் பாயிண்ட்டின் குதிகால் தேய்ந்து, டைமிங் (பொறி விழும் நேரம்) பல டிகிரி பின்தங்கிக் கிடக்கும்.

ஹீட் பிரச்சினைக்கு இரண்டு பக்கம் உண்டு. இன்ஜின் தேவைக்கு மேல் சூட்டை உண்டாக்கலாம். அல்லது உண்டான சூடு வெளியே போக வழியில்லாமல் இருக்கலாம். எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஸ்பானரைத் தொட்டால் செலவுதான் மிஞ்சும். கீழே சொல்வது பெரும்பாலும் பாயிண்ட் வைத்த அம்பாசடர், பத்மினி, பெட்ரோல் ஜீப், கார்புரேட்டர் மாருதி 800, ஆம்னி வண்டிகளுக்கு. கூலிங் பற்றிய பகுதி எல்லா வண்டிக்கும் பொருந்தும்.

முதல் கேள்வி: எப்போது ஹீட் ஆகிறது? கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் நிற்கும்போது ஏறி, ஹைவே பிடித்ததும் இறங்கினால் ஃபேனைப் பாருங்கள். ஓடும்போது காற்று தானாக அடிக்கிறது. நிற்கும்போது ஃபேன்தான் காற்று. எலெக்ட்ரிக் ஃபேன் என்றால் ஃபியூஸ், ரிலே, தெர்மோ சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள். பெல்ட் ஃபேன் என்றால், நடுவில் கட்டைவிரலால் அழுத்தும்போது பெல்ட் 10 முதல் 12 மில்லிமீட்டர்தான் அமுங்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் நன்றாக இருந்து, மேலுமலை ஏற்றத்திலோ தொப்பூரிலோ மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, டைமிங், கார்புரேட்டரில் பெட்ரோல் போதாமை, கீழ் ஹோஸ் சுருங்குவது என்று நாலு காரணங்களுக்குள் தேடினால் போதும். காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்தே நிமிடத்தில் கொதித்தால் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கும், அல்லது ஏர் லாக் (தண்ணீர் வழியில் காற்று அடைத்து நிற்பது), அல்லது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். சமதளத்தில்கூட இழுவை குறைந்து ஹீட்டும் ஆனால், ஜாக்கி வைத்து நாலு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிற வண்டியை "இன்ஜின் ஹீட்" என்று கொண்டுவருவது அடிக்கடி நடக்கிறது.

ஊசி உண்மை சொல்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். டேஷ்போர்டில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் வைத்த பழைய வண்டியில் பெட்ரோல் முள்ளும் ஹீட் முள்ளும் சேர்ந்தே மேலே நின்றால் கோளாறு ஸ்டெபிலைசரில். இன்ஜின் பாவம் சும்மா இருக்கிறது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இந்தச் சந்தேகத்துக்கு ஒரு நிமிடத்தில் முடிவு தெரியும். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் பிடித்துப் பாருங்கள்.

இனி டைமிங். பிளக்கில் பொறி விழுந்ததும் பெட்ரோல் ஒரே கணத்தில் எரிந்து முடிவதில்லை. தீ பரவ நேரம் பிடிக்கும். பிஸ்டன் மேல்முனையைத் தாண்டி சுமார் 15 டிகிரி இறங்கும்போது அழுத்தம் உச்சத்துக்கு வந்தால், அந்தச் சக்தி முழுக்க கிராங்குக்குப் போகும். அதற்காகத்தான் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே பொறி விட வேண்டியிருக்கிறது. பொறி பின்தங்கினால், எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிற நேரத்திலும் உள்ளே எரிந்துகொண்டிருக்கும். சக்கரத்துக்குப் போக வேண்டிய சக்தி சூடாக மாறி வால்விலும் ஹெட்டின் வாட்டர் ஜாக்கெட்டிலும் இறங்கும். இழுவை குறைவதால் ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை இன்னும் மிதிப்பார். சூடு இன்னும் ஏறும். ஏற்றத்தில் சைலன்சர் பைப் கன்னிச் சிவந்திருந்தால் இதுதான்.

பொறி மிகவும் முந்தினாலும் ஹீட்தான், ஆனால் வேறு வழியில். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் எதிர்த்து அடிக்கும், நாக்கிங் வரும். டாப் கியரில் மெதுவாகப் போகும்போது மிதித்தால், தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கின மாதிரி சத்தம். சூடான இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது செல்ஃப் மோட்டார் முக்கி முக்கிச் சுற்றுவதும் அதிக அட்வான்ஸுக்கு (பொறி முந்துவதற்கு) அடையாளம். பின்தங்கிய டைமிங்கை ரொம்ப நாள் தாங்கிவிடலாம்; நாக்கிங் பிஸ்டன் மண்டையை ஓட்டை போட்டுவிடும். இரண்டில் இதைத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

எங்கள் பக்கம் எல்.பி.ஜி. போட்ட ஆம்னி அதிகம்; ராயக்கோட்டை, பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளிப் பெட்டி ஏற்றுகிற வண்டிகளே எத்தனையோ. கேஸ் மெதுவாக எரியும், நாக்கிங்கையும் தாங்கும். அதனால் கேஸுக்குப் பிக்அப் வர டைமிங்கை முன்னால் வைத்துவிடுகிறார்கள். சிலிண்டர் தீர்ந்து பெட்ரோலுக்கு மாற்றி, லோடோடு ஏற்றம் ஏறினால் இன்ஜின் தட்டும், ஹீட்டும் ஆகும். இரண்டிலும் ஓடுகிற வண்டிக்குப் பெட்ரோலில் தட்டாத அளவுக்குத்தான் வைக்க வேண்டும். கேஸில் கொஞ்சம் இழுவை குறைந்தால் குறையட்டும்.

டைமிங் தொடுவதற்கு முன் பாயிண்ட். இந்த வரிசையை மாற்றக் கூடாது. பாயிண்ட் கேப்பை (திறந்து நிற்கும்போது உள்ள இடைவெளியை) மாற்றினால் டைமிங்கும் கூடவே மாறும். பாயிண்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல பாயிண்ட்டின் இரண்டு முகமும் மங்கிய சாம்பல் நிறத்தில் தட்டையாக இருக்கும். கெட்டதில் ஒரு முகத்தில் கடுகளவு மேடு, எதிர்முகத்தில் அதே அளவு குழி. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு அந்த மேட்டின் மேல் ஏறி நிற்கும், தகடு 0.40 மில்லிமீட்டர் காட்டும்போது உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். கேப் அதிகமானால் பாயிண்ட் முன்கூட்டியே திறக்கும், டைமிங் முந்தும். மேடும் குழியும் சீக்கிரமே திரும்பத் திரும்ப வந்தால் கன்டென்சரை மாற்றுங்கள். அரம் போட்டுத் தேய்த்து ஓட்டுவது ஊர் போய்ச் சேர மட்டும்.

லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த அம்பாசடருக்குப் பாயிண்ட் கேப் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், டுவெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) 60 டிகிரி அளவில். பிளக் கேப் 0.6 மில்லிமீட்டர். கேமின் மேல் அரிசி அளவு கிரீஸ் தடவுங்கள். அது இல்லாவிட்டால் பாயிண்ட்டின் ஃபைபர் குதிகால் தேய்ந்து கேப் குறையும். டைமிங் தானாகப் பின்தங்கிக்கொண்டே போகும். நல்லபடியாக ஓடிய வண்டி சித்திரை வெயிலில் திடீரென்று ஹீட் ஆகிறது என்பார்கள். உண்மையில் ஆறேழு மாதமாக டைமிங் நழுவிக்கொண்டிருக்கும். வெயில் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். ரோட்டாரை எடுத்துவிட்டு உள்ளே இரண்டு மூன்று சொட்டு இன்ஜின் ஆயில் விடுங்கள். ரோட்டாரை அது சுற்றும் திசையில் விரலால் கொஞ்சம் முறுக்கி விட்டால் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்கு வர வேண்டும். வராவிட்டால், வேகம் ஏற ஏற டைமிங்கை முந்த வைக்கும் அட்வான்ஸ் வெயிட் துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது. அப்படிப்பட்ட வண்டி ஐட்லிங்கில் சரியாக இருக்கும், வேகத்தில் டைமிங் முந்தாமல் ஹீட் ஆகும். டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் புஷ் போயிற்று, எவ்வளவு கவனமாக வைத்தாலும் டைமிங் ஒரு இடத்தில் நிற்காது.

பிறகு ஒன்றாம் நம்பர் சிலிண்டரை கம்ப்ரஷனுக்குக் கொண்டுவர வேண்டும். பிளக்கைக் கழற்றி ஓட்டையில் விரலை வைத்து இன்ஜினைச் சுற்றினால் காற்று விரலைத் தள்ளும், அதுதான் கம்ப்ரஷன். பழைய அம்பாசடரில் கிராங்க் புல்லிக்குப் பக்கத்தில் டைமிங் கவரில் பல் பல்லாக இருக்கும். நீளமானது டி.டி.சி. (பிஸ்டன் மேல்முனையில் நிற்கும் இடம்), மற்றவை அதற்கு முன் 5, 10 டிகிரி. மாருதி 800, ஆம்னியில் கியர்பாக்ஸ் பெல் ஹவுசிங்கில் உள்ள ரப்பர் மூடியை எடுத்தால் ஃபிளைவீலில் குறி தெரியும். எத்தனை டிகிரி என்பதை அந்தந்த இன்ஜினின் மேனுவலைப் பார்த்து வையுங்கள். கம்ப்ரஷன் ரேஷியோ மாறினால் அளவும் மாறும், வாய்வழிக் கணக்கு வேண்டாம்.

குறியை அந்த டிகிரியில் நிறுத்திவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப் போல்ட்டைக் கையால் திருப்ப முடிகிற அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். 12 வோல்ட் 5 வாட் பார்க்கிங் பல்பு ஒன்றின் ஒரு வயரை காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் டெர்மினலிலும், இன்னொன்றை பாடி எர்த்திலும் கொடுங்கள். சாவியைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது பல்பு அணைந்திருக்கும். திறந்த கணத்தில் எரியும். டிஸ்ட்ரிபியூட்டர் உடலை ரோட்டார் சுற்றும் திசையிலேயே திருப்பிப் பல்பை அணைத்துவிட்டு, எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டு வாருங்கள். பல்பு முதலில் ஒரு துடி துடிக்கும், அடுத்து நிலையாக எரியும். அந்தத் துடிப்பில் கையை நிறுத்தி போல்ட்டை முறுக்குங்கள். முறுக்கும்போதே உடல் நகர்ந்துவிடும், அதனால் மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும். உடலின் விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் கிராங்கில் கிட்டத்தட்ட 4 டிகிரி மாறுகிறது. சும்மா கையால் ஆட்டி, சத்தத்தைக் கேட்டு வைக்கிற டைமிங் ஏன் தொப்பூரில் கைவிடுகிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். வேலை முடிந்ததும் சாவியை எடுத்துவிடுங்கள். பாயிண்ட் மூடியபடி சாவி கிடந்தால் காயில் வெந்துபோகும்.

ஸ்ட்ரோப் லைட் (பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் விளக்கு) இருந்தால், கார்புரேட்டர் பக்கமிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் ஹோஸைக் கழற்றி, வாயை அடைத்துவிட்டு ஐட்லிங்கில் பாருங்கள். குறியில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் தெளிவாகத் தெரியும். ரேஸ் பண்ணும்போது குறி முன்னேற வேண்டும். நின்ற இடத்திலேயே நின்றால் வெயிட் வேலை செய்யவில்லை. கழற்றிய வேக்குவம் ஹோஸை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடித்தால், உள்ளே தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். நழுவினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: ஸ்ட்ரோப் வெளிச்சத்தில் சுற்றுகிற ஃபேன் நிற்கிற மாதிரித் தெரியும். கையை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மாருதியில் டிஸ்ட்ரிபியூட்டரை ஸ்லாட்டின் கடைசி வரை திருப்பியும் குறி சேரவில்லை என்றால், டைமிங் பெல்ட் ஒரு பல்லு தாவியிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் கேம்ஷாஃப்ட்டிலிருந்து ஓடுவதால் இரண்டும் சேர்ந்தே கெடும். பெல்ட்டைச் சரிசெய்யாமல் டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் திருப்பி ஒப்பேற்றினால் வால்வு டைமிங் தப்பாகவே இருக்கும். இழுவையும் வராது, ஹீட்டும் போகாது.

இன்றைய பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட் (பெட்ரோல் வரும் துளை) வைத்த கார்புரேட்டரில் கலவை மெலிந்து எரியும். பிளக் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். டைமிங் சரியாக இருந்தும் ஏற்றத்தில் ஹீட் ஆனால் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிப் பாருங்கள். நேராக வெளியிலிருந்து காற்று இழுக்கும் மேனிஃபோல்டு கேஸ்கெட் லீக்கையும் அதற்கு முன் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது நம் மாவட்டங்களின் பெரிய வினை: தண்ணீர். இங்குள்ள போர்வெல் தண்ணீரில் புளோரைடு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ரேடியேட்டரைக் கெடுப்பது அதே தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பும் மக்னீசியமும். டீக்கடை பாய்லரின் உள்சுவரைச் சுரண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெள்ளையாகக் கல் மாதிரி படிந்திருக்கும். அதே படிவு வாட்டர் ஜாக்கெட்டிலும் ரேடியேட்டர் டியூப்பிலும் படிகிறது. டியூப்பின் உள்வாய் ஒரு ஈர்க்குச்சி நுழைகிற அகலம்தான். அதில் அரை மில்லிமீட்டர் படிந்தாலே தண்ணீர் போகிற வழி பாதியாகிவிடும். படிந்த சுண்ணாம்பு சூட்டையும் கடத்தாது. தண்ணீர் குறையக் குறையப் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஓட்டும் வண்டியில், ஒவ்வொரு லிட்டரும் புதுசாகச் சுண்ணாம்பைக் கொண்டுவருகிறது. ஒகேனக்கல் தண்ணீர் பரவாயில்லை, ஆனால் அதிலும் உப்பு உண்டு. பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி.

ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா என்று கழற்றாமலே தெரியும். இன்ஜின் சூடாகி தெர்மோஸ்டாட் திறந்த பிறகு, ரேடியேட்டர் முகத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை மேலிருந்து கீழாக, பக்கம் பக்கமாக நகர்த்துங்கள். சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் திடீரென்று ஆறிப்போன திட்டு இருந்தால் அங்கே டியூப் அடைத்திருக்கிறது. மேல் ஹோஸ் தொட முடியாத சூடு, கீழ் ஹோஸ் ஆறியே இருக்கிறது என்றால் தண்ணீர் ஓடவே இல்லை: தெர்மோஸ்டாட், அடைப்பு, அல்லது வாட்டர் பம்ப். போர் தண்ணீரில் பல வருடம் ஓடிய பம்பைக் கழற்றினால் இம்பெல்லர் இறகு துருவில் கரைந்து மொட்டையாக இருப்பதைப் பார்க்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் புல்லி நன்றாகத்தான் சுற்றும். இரண்டு ஹோஸும் ஒரே சூடு என்றால் தண்ணீர் ஓடுகிறது, காற்று போகவில்லை. கிரானைட் குவாரி ரோட்டில் ஓடும் வண்டிகளில் ரேடியேட்டரின் ஃபின் (மெல்லிய தகடு) இடுக்கில் கல்தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும். இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷரை நேராக அடித்தால் ஃபின் மடங்கிவிடும்.

உள்ளே சுத்தம் செய்ய, பழைய தண்ணீரை வடித்துவிட்டு தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடுங்கள். லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து நிரப்பி, இன்ஜினைச் சூடாக்கி அரை மணி நேரம் ஐட்லிங்கில் விட்டு வடியுங்கள். அடுத்து ஒரு தடவை ஆப்பசோடா கரைத்த தண்ணீர். பிறகு வெறும் தண்ணீரில் தெளிந்து வரும் வரை. அலுமினியம் ஹெட் வண்டியில் சிட்ரிக் ஆசிட்டை ராத்திரி முழுக்க விடக் கூடாது. பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது அலுமினியத்தைத் தின்றுவிடும். அம்பாசடர் மாதிரி இரும்பு பிளாக்கில் டிரெய்ன் காக்கைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்துங்கள். தண்ணீர் வராமல் செந்நிறச் சேறு வந்தால், கடைசி சிலிண்டரைச் சுற்றி இத்தனை நாள் தண்ணீரே ஓடவில்லை. கடைசியில் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும். நம் ஊரில் தண்ணீர் குளிரில் உறையாது. மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் போதும். அது துருவைத் தடுக்கத்தான்.

கழுவி முடித்ததும் தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். "வெயில் ஊருக்கு அது தேவையில்லை" என்ற பேச்சை நம்ப வேண்டாம். பல இன்ஜின்களில் அது திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றும் பைபாஸ் வழியையும் மூடுகிறது. எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். நல்லதா என்று பார்க்க, பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தெர்மாமீட்டரோடு கொதிக்கவிடுங்கள். 82 டிகிரி குறித்தது அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடி சின்ன விஷயம் போலத் தெரியும். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம்; அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். 0.9 என்று அழுத்த அளவு குறித்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்தால் கொதிநிலை 117 டிகிரி வரை போகும். ரப்பர் வெடித்த மூடியோடு ஏறினால் அந்த 20 டிகிரி காப்பு போய்விடுகிறது.

வெளியே சொட்டு லீக் இல்லை, தண்ணீர் மட்டும் குறைகிறது, "வண்டி தண்ணி குடிக்குது" என்றால் ஹெட் கேஸ்கெட். ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். நிற்காமல் குமிழி வந்தால் சந்தேகமே இல்லை. ஹெட்டைக் கழற்றினால் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்துப் பாருங்கள். 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் லேத்தில் ஃபேஸ் அடிக்காமல் மாட்ட வேண்டாம். போல்ட்டை நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையாக டார்க் ரெஞ்சில் முறுக்குங்கள்.

ரோட்டிலேயே ஊசி ஏறினால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஒரு கியர் குறைத்து மிதிப்பைக் குறையுங்கள். பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும். அப்படியும் இறங்கவில்லை என்றால் லாரிப் பாதையை விட்டு நன்றாக ஒதுங்கி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அரை மணி நேரம் மூடியைத் தொடக் கூடாது. பீறிட்டு வரும் ஆவி முகத்தை வேக வைத்துவிடும். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

வேலை முடிந்த வண்டியை ஒர்க்‌ஷாப் வாசலில் ரேஸ் பண்ணிப் பார்த்து அனுப்பக் கூடாது. குருபரப்பள்ளி தாண்டி மேலுமலை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக மிதியுங்கள். மெல்லிய நாக்கிங் சத்தம் வந்து ஓரிரு நொடியில் அடங்கினால் டைமிங் சரியான இடத்தில் இருக்கிறது. அடங்காவிட்டால் 2 டிகிரி பின்னால் எடுங்கள். சத்தமே இல்லாமல் இழுவையும் மந்தமாக இருந்தால், மேனுவல் அளவைத் தாண்டாமல் 2 டிகிரி முன்னால். வண்டியை ராத்திரி ஆறவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். ஏர் லாக் போன இடத்துக்கு அரை லிட்டர் வரை பிடிக்கும். அதை ஊற்றி, மறுநாளும் பார்த்து, மட்டம் அசையாமல் இருந்தால் சாவியைக் கொடுக்கலாம்.